கால்வாய்ப் பக்கம் மாட்டிய ஜாக்கி

லாரி ஓட்டுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. இப்போது வருகிற வண்டிகளைப் பார்த்தால் எனக்கே யாராவது சொல்லித் தர வேண்டும் போலிருக்கிறது. நாங்களெல்லாம் வண்டிக்கு முன்னால் நின்று, எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை இறங்கிப் போனவர்கள். ஆகவே ஓட்டுகிற சங்கதியை விட்டுவிடுகிறேன். வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கியைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம். "ஜாக்கியில் என்ன அண்ணாச்சி இருக்கு, பின்னால தூக்கிப் போட்டா அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்று போன வாரம் உங்களில் ஒருவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். யார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்.

நான் சொல்வது முதல் ஜெர்மன்காரன் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். திருநெல்வேலிப் பக்கம் மோட்டார் லாரி வந்தால் ஊர்ச் சனம் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்க்கும். என் அப்பா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். என்னையும் வாத்தியாராக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் சென்னைப் பட்டணத்துக்குப் போய் ஒரு மோட்டார் பட்டறையில் இரண்டு வருஷம் கரியைப் பூசிக்கொண்டு திரும்பி வந்தேன். அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் லாரியை ஓட்டிக்கொண்டு வீட்டு முன்னால் வந்து நின்ற அன்று வெளியே வந்து, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

லாரி நெல் வியாபாரி ஒருவருடையது. அரிசி ஆலையும் வைத்திருந்தார். முன்னால் பாதிக் கூரை, பின்னால் பலகையடித்த திறந்த தொட்டி. கெட்டி ரப்பர்ச் சக்கரம், காற்றெல்லாம் கிடையாது. சேரன்மகாதேவிப் பக்கத்துக் களங்களுக்கு வயல் வழியாகவும் கால்வாய்க் கரை வழியாகவும் போய் நெல் மூட்டை ஏற்றி வருவதுதான் அதன் வேலை. ரோடு என்று ஒன்று பாதித் தூரத்துக்குத்தான். மீதியெல்லாம் மாட்டு வண்டித் தடம்.

வண்டியின் வலது பக்கத்தில், தொட்டிக்குக் கீழே, முதலாளியின் கடைப் பெயரைப் பொன் நிறத்தில் எழுதின பலகை ஒன்று தொங்கும். இடது பக்கம் கிடையாது. ஏன் என்று பெயிண்டர் கேட்டதற்கு முதலாளி, "ஒரு பக்கம் போதும்வே. போற வண்டி திரும்பித்தான வரணும், அப்ப அந்தப் பக்கத்துக்காரன் பாத்துக்கிடட்டும்" என்றாராம். சிக்கனம் அப்படி. ஆனால் அந்தப் பலகையில் எனக்கு அவரைவிடப் பெருமை. தினமும் காலையில் ஈரத் துணியால் துடைப்பேன்.

இனி சுடலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டை ஏற்றி இறக்குகிறவன். என் வயதுதான் இருக்கும். வண்டி ஓடும்போது இடது பக்கப் படிமேல் நின்றுகொண்டு வருவான். நான் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறேன், இடது சக்கரம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அவன்தான் என் இடது கண். "இன்னும் ஒரு சாண் வரலாம்", "போதும், போதும்" என்று அவன் குரல் வந்துகொண்டே இருக்கும். அதிகம் பேச மாட்டான், பேசினால் அதில் விஷயம் இருக்கும்.

வண்டியோடு சீமையிலிருந்து ஒரு திருகு ஜாக்கி வந்திருந்தது. வார்ப்பிரும்பு. ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் நானும் உங்களைப் போல அதைத் தொட்டியில் சும்மா போட்டுத்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் வெறும் வண்டியாகத் திரும்பும்போது, குண்டும் குழியுமான தடத்தில் அது துள்ளித் துள்ளிப் பின்பலகையை உடைத்துக்கொண்டு எங்கோ விழுந்துவிட்டது. எஞ்சின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆலைக்கு வந்துதான் பார்த்தோம். திரும்ப ஓடினோம்.

போகிற வழியில் ஒரு வேப்ப மரத்தடியில் ஜாக்கி நிற்கிறது. மேலே மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, அரளிப் பூவும் சாத்தியிருந்தது. நான் வாயைத் திறந்து கத்தப் போனேன். சுடலை என் கையைப் பிடித்தான். அவன் மட்டும் போய், பக்கத்தில் நின்ற பெரியவரிடம் பேசினான். அவர் சொன்னார்: "தடத்துல கெடந்துது, யாரும் தட்டி விழுந்துரக் கூடாதேன்னு தூக்கி ஓரமா நிறுத்துனோம். நிறுத்துன பெறகு சும்மா விட்டுட்டுப் போக மனசு வரல." சுடலை ஒரு தேங்காய் வாங்கி வந்து உடைத்து, கும்பிட்டு, அவரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு ஜாக்கியைத் தூக்கி வந்தான். நான் கத்தியிருந்தால் அன்று ஜாக்கியும் வந்திருக்காது, நாங்களும் முழுசாய் வந்திருக்க மாட்டோம்.

முதலாளி விடுவாரா? பிடிபிடி என்று பிடித்தார். இனிமேல் அது அசையக் கூடாது என்று உத்தரவு. எனக்கும் ரோஷம். கொல்லனைக் கூப்பிட்டு, இரும்புப் பட்டையால் ஒரு தொட்டில் அடித்து, ஜாக்கியைப் படுக்க வைத்து, மேலே இரண்டு பட்டை போட்டு, நான்கு போல்ட்டால் இறுக்கி வண்டியின் அடியில் மாட்டச் சொன்னேன். கடகடவென்று ஆடாமலிருக்கத் தோல் துண்டுகள். திருகில் மண் ஏறாமலிருக்க எண்ணெயில் நனைத்த சாக்கு. இவ்வளவும் யோசித்தேன் பாருங்கள், எனக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எந்தப் பக்கம் மாட்டுவது என்று கொல்லன் கேட்டான். வலது பக்கம் மாட்டினால் பெயர்ப் பலகையை எடுக்க வேண்டும். "எடது பக்கம் மாட்டும்" என்றேன்.

சுடலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தான். "அண்ணாச்சி, அங்கன வேண்டாம். எதுக்க மாட்டுவண்டி வந்தா நாம எடது பக்கந்தான ஒதுங்குதோம். வண்டி சரிஞ்சா அந்தப் பக்கந்தான் சரியும். நான் அங்கனதான நிக்கேன், எனக்குத் தெரியும்லா" என்றான்.

கொல்லன் நிற்கிறான், ஆலைக்காரர்கள் நாலு பேர் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் மூட்டை தூக்குகிறவன் எனக்குப் புத்தி சொல்வதா? "ஏலே, வண்டி ஓட்டுதது நீயா நானா? போயி மூட்டையத் தூக்கு" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். சுடலை போய் மூட்டையைத் தூக்கினான். மத்தியானச் சோறு சாப்பிடுவதற்குள் நான் அதை மறந்துவிட்டேன்.

முதலாளி வந்து ஜாக்கியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "இப்படில்லா இருக்கணும்" என்றார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அது நடந்தது. கார்ப் பருவ நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான பிசானத்துக்கு நடவு தொடங்கியிருந்தது. கால்வாயில் தண்ணீர் கரை நிறையப் போகிறது. முதல் நாள் மழை வேறு. களத்தில் லாரி நிறைய மூட்டை ஏற்றிக்கொண்டு கால்வாய்க் கரையில் வந்துகொண்டிருந்தோம். இடது பக்கம் கால்வாய். வலது பக்கம் கீழே வயல். பெண்கள் வரிசையாய்க் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிரே ஒரு வைக்கோல் வண்டி. நான் இடது பக்கம் ஒதுங்கினேன். "போதும் அண்ணாச்சி" என்றான் சுடலை. எதிர் வண்டி மாடுகள் எஞ்சின் சத்தத்தில் மிரண்டு குறுக்கே திரும்பின. மாட்டை இடித்துவிடுவேனோ என்று இன்னும் ஒரு முழம் ஒதுங்கினேன். "போதும், போதும்" என்ற குரல் காதில் விழுந்தது. அதற்குள் கரை போய்விட்டது.

விழுகிற வண்டி வேகமாக விழும் என்று நினைப்பீர்கள். இல்லை. பைய, தூக்கம் வந்தவன் சாய்கிற மாதிரி சாய்ந்தது. நான் வலது பக்கம் ஏறிக் குதித்துவிட்டேன். சுடலை இடது பக்கம் கால்வாய்க்குள் குதித்தான். அவனுக்குப் பின்னாலேயே வண்டி சறுக்கி வந்து நின்றது.

எட்டிப் பார்த்தேன். கால்வாய்க்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறான். நெஞ்சு வரை தண்ணீர். முழங்காலுக்குக் கீழே வலது கால் படியின் இரும்புக்கு அடியில், சேற்றுக்குள்.

"அண்ணாச்சி, காலு மாட்டிக்கிட்டு" என்றான். சத்தம் போடவில்லை. எனக்கு ஏதோ தகவல் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"வலிக்கா?"

"தெரியல. மரத்துப் போச்சு."

"பொறுத்துக்கோ. ஜாக்கியப் போட்டு ஒரு நிமிசத்துல தூக்கிருதேன்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஜாக்கி எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். கலங்கல் தண்ணீர், கண்ணைத் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. கையால் தடவினேன். தொட்டில் இருந்தது. பட்டை இருந்தது. நான்கு போல்ட்டும் இருந்தன, ஒன்றுகூட நெகிழவில்லை. இரண்டு சேற்றுக்குள் புதைந்திருந்தன. மற்ற இரண்டில் ஸ்பேனரை மாட்டினால் திருப்ப இடமில்லை. இன்னும் கொஞ்சம் தடவினேன். ஒரு கை தட்டுப்பட்டது. சுடலையின் கை. தலை தண்ணீருக்கு மேலே நிற்பதற்கு அவன் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஜாக்கியைத்தான்.

மேலே வந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைதிருந்தால் எனக்கு நிம்மதியாயிருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குள் வேறொரு சங்கதி. லாரி பாதிக் கால்வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே ஏறுகிறது. நெஞ்சில் இருந்த தண்ணீர் தோளுக்கு வந்துவிட்டது. வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாய் அமிழ்கிறது. இனி எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட எனக்குத் தைரியமில்லை.

வயலில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். நான் மேலே ஏறி, கைக்கு முதலில் அகப்பட்ட வலது பக்கத்து மூட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஏறுங்க, எல்லாரும் ஏறி மூட்டைய எறக்குங்க" என்று கத்தினேன்.

"அதைத் தொடாதேயும்" என்று ஒரு குரல். நடவுக்கு வந்தவர்களில் மூத்தவள், பேச்சி என்று பெயர். முழங்கால் வரை சேறு, கையில் இன்னும் நாற்று முடி. "மேட்டுப் பக்கத்துப் பாரத்த எடுத்தா வண்டி இன்னும் அவன் மேலல்லா சாயும். தண்ணிப் பக்கத்து மூட்டையத் தள்ளும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தண்ணீர்ப் பக்கத்து மூட்டையை இறக்கி வைக்க இடம் கிடையாது, கால்வாயில்தான் தள்ள வேண்டும். முதலாளியின் நெல். ஒரு மூச்சு நேரம் நான் நின்றேன். உங்களிடம் மறைப்பானேன், ஒரு மனிதன் தண்ணீருக்குள் கிடக்க, நெல்லை நினைத்து ஒரு மூச்சு நேரம் நின்றேன். அப்புறம் தள்ளினேன். அவன் தலைக்கு எட்டாமல், வண்டியின் பின்பக்கமாய், ஒவ்வொன்றாய்.

தள்ளுவதற்கு முன்னால் வைக்கோல் வண்டிக்காரரின் வடக்கயிற்றை வாங்கி, லாரியின் அடிச்சட்டத்தில் கட்டி, வலது பக்கம் நின்ற மருத மரத்தில் சுற்றி இறுக்கினேன். வண்டி மேலும் சறுக்கக் கூடாதல்லவா? அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான். வண்டிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொடுத்தார். "எம் மாடு மெரண்டதுதான, எம் மாடுதான" என்று புலம்பிக்கொண்டிருந்தார். "உம்ம மாடு இல்லவே, நான்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

தண்ணீர் சுடலையின் மோவாய்க்கு வந்துவிட்டது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தான்.

பேச்சி தண்ணீர் வருகிற மேல்பக்கம் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் வயலுக்குப் பாய்கிற மடைகள் இரண்டு. இரண்டையும் முழுக்கத் திறந்து, பக்கத்தில் கரையையும் வெட்டிவிட்டால் தண்ணீர் வயலுக்குள் பாய்ந்துவிடும், இங்கே இறங்கும். ஆனால் கீழே இருப்பது விடியற்காலையிலிருந்து அவர்கள் நட்ட வயல். அது மட்டுமல்ல, கால்வாய்க் கரையை வெட்டுவது எங்கள் பக்கத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். தண்ணீருக்காக அரிவாள் எடுத்த குடும்பங்களை எனக்கே தெரியும்.

"எக்கா, நட்டதெல்லாம் போயிருமே" என்றாள் ஒருத்தி.

"போனா நாளைக்கு நடுவோம். மண்வெட்டிய எடுங்களா" என்றாள் பேச்சி. அவளே முதல் வெட்டு வெட்டினாள். யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்கள் என்று நான் மேலேயிருந்து கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் உதட்டுக்கு வந்தது. பிறகு அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக, மிகவும் மெதுவாக, மோவாய்க்கு இறங்கியது. தோள் தெரிந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

இனி தூக்க வேண்டும். கால்வாயைக் கடக்க இரண்டு பனந்தடிகளைச் சேர்த்துப் போட்ட பாலம் ஒன்று பக்கத்தில் இருந்தது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து, ஒரு தடியை இழுத்து வந்தார். நனைந்த நெல் மூட்டைகளைக் கால்வாய் ஓரத்தில் அடுக்கினோம். அதன்மேல் பனந்தடியை வைத்து, ஒரு நுனியை லாரியின் சட்டத்துக்கு அடியில் கொடுத்து, அக்கரையில் மறு நுனியில் ஆணும் பெண்ணுமாய்ப் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறித் தொங்கினார்கள். நான் சுடலையின் கக்கத்தில் கை கொடுத்துப் பிடித்திருந்தேன். நாலு விரல் தூக்கியது. நாலே விரல். இழுத்துவிட்டேன்.

கணுக்கால் நசுங்கிப் போயிருந்தது. வைக்கோல் வண்டியிலேயே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவன் தலை என் மடியில் இருந்தது. "நெல்லு நனைஞ்சிட்டே, முதலாளி வைவாரே" என்றான். எனக்காகக் கவலைப்படுகிறான்.

மறுநாள் முதலாளி கேட்டார்: "ஜாக்கி இருந்துதே, அதை எடுக்கக் கூடாதா?" மாடு மிரண்டது, மழை பெய்தது, கரை சரிந்தது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். எல்லாம் நிஜமும்கூட. "நான் மாட்டுன எடந்தான் தப்பு. சுடலை வேண்டாம்னு சொன்னான். நான் கேக்கல" என்றேன். முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு வெளியே வந்து, காலையில் மாடு பூட்டிக் கால்வாயிலிருந்து இழுத்து வந்திருந்த லாரியைச் சுற்றிப் பார்த்தார். "அந்தப் பலகையக் கழட்டு" என்றார்.

பலகை போயிற்று. ஆனால் ஜாக்கியை நான் வலது பக்கமும் மாட்டவில்லை. வலது பக்கம் வண்டி சாயாது என்று யார் சொன்னது? ஓட்டுகிறவனுக்குப் பின்னால், தொட்டியின் முன்பலகையை ஒட்டி, நடுவில் நிமிர்த்தி நிறுத்தினேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் மறுபக்கத்திலிருந்து கை எட்டும். போல்ட்டை எடுத்துவிட்டுக் கையாலேயே திருப்புகிற திருகாணி போட்டேன். ஆடவும் கூடாது, அவசரத்துக்கு வராமலும் போகக் கூடாது. எப்போதும் ஒன்றை நினைத்தால் மற்றதை மறந்துவிடுகிறோம். ஆடக் கூடாது என்பதை மட்டும் நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

அதுகூட இல்லை. அது இரும்புச் சமாசாரம். நான் செய்த நிஜமான தப்பு என்ன என்பதை ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன்.

காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு எடுக்காமலே பிழைத்தது, ஆனால் கணுக்கால் இனி மடங்காது. தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்க மாட்டோம். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ அன்னைக்கே சொன்னல்லா சுடலை" என்றேன்.

"சொன்னேன் அண்ணாச்சி. ஒருக்காத்தான சொன்னேன். ரெண்டாந்தடவையும் சொல்லிருக்கணும். எம் மேலயும் தப்பு இருக்கு."

"நான் வஞ்சதுனாலதான நீ சொல்லல?"

சற்று யோசித்தான். "ஆமா. ஒமக்குக் கோவம் வந்தா மூஞ்சியப் பாக்க முடியாதுல்லா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஒரு வார்த்தைக்குப் பயந்து ஒருவன் வாயை மூடிக்கொண்டு, ஒன்றரை மாதம் தினமும் அந்தப் படிமேலேயே நின்று வந்திருக்கிறான்.

மூன்று மாதம் கழித்துக் கம்பை ஊன்றி நடந்தான். இனி மூட்டை தூக்க முடியாது. வீட்டில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். முதலாளியிடம் போய் அவனுக்கு ஒரு வேலை வேண்டும் என்றேன்.

"கால் வெளங்காதவனுக்கு எங்கிட்ட என்ன வேலை இருக்கு?"

"தெனமும் வண்டி கெளம்புததுக்கு முன்னால ஜாக்கி, கயிறு, பாரம் எல்லாத்தையும் ஒருத்தன் பாக்கணும். அவன் சரின்னு சொன்னாத்தான் வண்டி வெளிய போகணும்."

"அதுக்குத்தான நீ இருக்க?"

"நான் பாத்துத்தான் இப்படி ஆச்சு" என்றேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்போம். ஒரு மாசம் இருக்கட்டும், சரிப்படலேன்னா அனுப்பிருவேன்" என்றார்.

சுடலை வேலைக்கு வந்த முதல் வாரம். அன்று முதலாளிக்குத் தூத்துக்குடியில் ஏதோ வழக்கு. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, குதிரை வண்டி வரவில்லை, லாரியிலேயே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் நெல் மூட்டைகளும் ஏற்றியாகிவிட்டது. பனிக்காலம், எஞ்சின் லேசில் கிளம்பவில்லை, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எனக்கு உயிர் போய்விட்டது. ஒருவழியாய்க் கிளம்பியது. நான் ஏறி உட்கார்ந்தேன்.

சுடலை பின்னால் ஜாக்கியில் கை வைத்தபடி நின்றான். "அண்ணாச்சி, ஜாக்கி ஆடுத மாதிரி இருக்கு" என்றான்.

"இப்பத்தான பாத்தேன். கெட்டியாத்தான் இருக்கு" என்றேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் வந்தது. பழக்கம் எங்கே போகும்?

"நேரமாகுது, வண்டிய எடு" என்றார் முதலாளி.

பிரேக்கில் கை வைத்தேன். சுடலை கம்பை ஊன்றி ஊன்றி நடந்து வந்தான். பின்னாலிருந்து முன்னால் வர அவனுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். என்னைப் பார்த்தும் பயம், முதலாளியைப் பார்த்தும் பயம், அந்த வேலை போய்விட்டால் வேறு கதியில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

"ஆடுது அண்ணாச்சி" என்றான். "எறங்கிப் பாரும்."

எஞ்சினை நிறுத்தினேன். முதலாளி "ஏய்" என்றார். நான் இறங்கிப் பின்னால் போனேன். ஜாக்கியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். பட்டையை இழுத்தேன். திருகாணிகளை ஒவ்வொன்றாய்த் திருகிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. சுடலையும் வந்து கையை வைத்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"கெட்டியாத்தான் இருக்கு அண்ணாச்சி. எஞ்சின் அதிர்ந்ததுல பலகதான் ஆடிருக்கும் போல. எனக்குத்தான் அப்படித் தோணிட்டு" என்றான்.

தூரத்தில் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. முதலாளி வண்டியிலிருந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி நின்றார். ஆலைக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கும் தோணினா நிறுத்து" என்று எல்லாருக்கும் கேட்கும்படி அவனிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் கைப்பிடியைச் சுற்றப் போனேன்.